சைரன் அடிக்காத சாயங்காலம்

அஜ்மல் பீவிக்கு முப்பத்தொரு வயது. காஜிமார் தெருவில் எங்கள் பக்கத்து வீடு; என்னை அக்கா முறையில் லாத்தா என்பாள். கடைகளுக்கு நைட்டி தைத்துக் கொடுப்பாள். வாயாடி, வீம்புக்காரி, ஆனால் மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். புருஷன் ஷாநவாஸ் வளைகுடாவில் ஒரு துறைமுக எண்ணெய்க் கிடங்கில் எலக்ட்ரீஷியன். அங்கே சண்டை மூண்ட பிறகும் தினமும் சாயங்காலம் வீடியோ காலில் வந்துவிடுவார். சைரன் அடித்தால் போனை வைத்துவிட்டுத் தரைக்குக் கீழே இருந்த பதுங்கு அறைக்கு ஓடுவார். அவர் திரும்பக் கூப்பிடும்வரை இவள் தையல் மிஷினைத் தொடமாட்டாள்.

அன்றைக்குச் சைரன் அடிக்கவில்லை. “ஏதோ சத்தம் கேக்குதுன்னு எல்லாரும் கீழ எறங்குறாங்க, நானும் போறேன்” என்றாராம். “அதான் சைரன் அடிக்கலையே. புள்ளைக்குப் பல்லு விழுந்திருக்கு, பாத்துட்டுப் போங்க” என்று இவள்தான் நிறுத்தி, ஆறு வயது மகள் ஷைமாவைக் கூப்பிட்டாள். குழந்தை ஈ என்று காட்டும்போதே படம் அப்படியே நின்றுபோனது. நெட் தீர்ந்துவிட்டதென்று நினைத்து ரீசார்ஜ் செய்தாள், பாவி மகள்.

கிடங்கில் வந்து விழுந்தது ராடாருக்குத் தெரியாத ட்ரோனாம். டி.வி.யில் கோட்டுப் போட்ட ஒருவர் அதன் இறக்கையை, மேல்பூச்சை, யாருக்கும் தெரியாமல் வந்து இறங்கும் சாமர்த்தியத்தை, தரகர் மாப்பிள்ளையைப் புகழ்வது போலச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

ஷாநவாஸை அங்கேயே அடக்கம் செய்தார்கள். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் அஜ்மல் உட்கார்ந்தாள். அவரை நிறுத்தி வைத்த கதையை என்னிடம் மட்டும்தான் சொன்னாள்.

“கீழ போனவங்க பொழச்சாங்களான்னு தெரியணும் லாத்தா. அவங்களும் மவுத்தாகியிருந்தா, நான் நிறுத்துனதால ஒண்ணுமில்லைன்னு ஆகும்ல?”

எவ்வளவு கொடூரமான ஆசை! எனக்கும் அதே ஆசைதான் இருந்தது, அல்லா மன்னிக்கட்டும்.

மூன்றாம் மாதம், ஷாநவாஸோடு வேலை பார்த்த அப்துல் ஹலீம் லீவில் ஊருக்கு வந்தவர், துக்கம் கேட்க வந்தார். இத்தா இருப்பவள் அந்நிய ஆண் முன்னால் வரக்கூடாது. அதனால் அவர் முன்னறையில், நாங்கள் இருவரும் திரைக்கு இந்தப் பக்கம் இருந்தோம்.

“கீழ எத்தன பேருண்ணே இருந்தீங்க?” என்று கேட்டாள் அஜ்மல்.

“ஒம்போது பேரும்மா. அல்லா காப்பாத்துனான், அம்புட்டுப் பேரும் பொழச்சோம். இவரும் வாரேன்னுதான் சொன்னாரு. எந்த வெட்டிப்பயலோ போன்ல பிடிச்சு வச்சுக்கிட்டான்.”

அவள் வாயைப் பொத்தக் கையை நீட்டினேன். அதற்குள் சொல்லிவிட்டாள்.

“பயல் இல்லண்ணே. நாந்தான்.”