‘ஙாய்’ தசரதன்

ஃபோர்க்லிஃப்டைப் பின்னுக்கு எடுக்கும்போதெல்லாம் தசரதன் முகவாயைத் தூக்கிக்கொண்டு ‘ங்… ங்…’ என்று முக்குவார். வண்டியில்தான் கோளாறு என்று நினைத்து மெயின்டனன்ஸ் ஆள் ஒருநாள் குனிந்து அடியில் பார்த்தார். “வண்டி நல்லாத்தான் கீதுப்பா, ஓட்றவன்தான் ரிப்பேரு” என்று தசரதனே சொல்லி அனுப்பினார்.

வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் அது தைவான்காரர்களின் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி. குடோன் மேனேஜர் சுங் சார், ஓய்ந்த நேரத்தில் ஊரிலிருக்கும் அம்மாவோடு போனில் பேசுவார். மொழிபெயர்ப்பாளர் வேலைமீது கண் வைத்திருந்த தசரதன், பக்கத்தில் நின்று கேட்டும், அவரைக் குடைந்தும் ஒரு மொழியையே கற்றுக்கொண்டார். இன்டர்வியூவில் அதை எடுத்துவிட்டதும் அதிகாரி அம்மாள் திருதிருவென விழித்தார். வேலைக்குக் கேட்டது மாண்டரின் என்ற பொதுச் சீனமொழி. தசரதன் கற்றது ஹக்கா, சுங் சாருடைய வீட்டுமொழி. “அவுரு வாய்லருந்து இன்னா வந்தாலும் சைனீஸுன்னு நெனச்சிகினேன். என்னமாரி புத்திசாலி எங்க பென்னலூர்ல வேற எவன் கீறான்?” என்று சொல்லி, அவரே முதலில் சிரிப்பார்.

கூசிப்போனது சுங் சார்தான். ஹக்கா பேசும் பிள்ளைகள் குறைந்துவருகிறார்கள். ஆசைகாட்டிப் படிக்கவைக்க அவருடைய ஊர்ச் சங்கம் தேர்வு நடத்திச் சான்றிதழ் தருகிறது. அவர் மகனே அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. ‘நீ எழுது’ என்றார். தசரதன் எழுதினார். கேட்பதில் தேறி, பேசுவதில் கோட்டைவிட்டார்.

ஹக்காவில் ‘நான்’ என்றால் ‘ஙாய்’. அரிச்சுவடியில் ‘ங’ எழுதியதோடு சரி, அதை வைத்து ஒரு சொல்லைத் தொடங்கிய பழக்கம் நம்மில் யாருக்கு இருக்கிறது? தசரதன் வாயில் அது ‘நாய்’ என்றே விழுந்தது. “நாய் தசரதன்னு பரிச்சையில நானே வாக்குமூலம் குட்த்துட்டேன்” என்பார். “இதுக்கு இன்னாத்துக்குப் பரிச்ச? என்னாண்ட கேட்டா சொல்லியிருப்பேனே” என்று மனைவி அம்சவல்லி சொன்னதையும் விடாமல் சேர்த்துக்கொள்வார்.

கேட்டுச் சிரித்த கூட்டம் கலைந்ததும் அவர் முகம் சுண்டிவிடும். சுங் சார் அடுத்த மாதம் ஊர் திரும்புகிறார். “இந்தியாவுல ஒர்த்தன் நம்ம பாஷையில பாஸ் பண்ணுவான்னு அவுரு அம்மாகிட்ட சொல்லிட்டாராம்பா. எனக்குத் தூக்கமே வர்ல.”

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி மீட்டிங் ரூமில் மறுதேர்வு. கம்ப்யூட்டர் திரையில் ஓர் ஆசிரியை. தன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னார்.

“ஙாய்” என்றார் தசரதன். பிசிறில்லாத, அசல் ஙாய்.

ஆசிரியை தலையசைத்துவிட்டுப் பெயருக்காகக் காத்திருந்தார். கேமராவுக்கு எட்டாத மூலையில் சுங் சார் பதறிப்போய், தெரிந்த தமிழில் ‘பேரு, பேரு’ என்று உதட்டை அசைத்தார். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. தசரதனோ ‘ங’ வந்துவிட்ட பூரிப்பில், உள்ளங்கையை நெஞ்சில் அழுத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.