நான் தேய்த்த கல்

செண்பகத்தோப்புக்குப் போகும் வழியில், மலை தொடங்குவதற்குச் சற்று முன்னால், என் புகுந்த வீட்டாருக்கு ஒரு துண்டு நிலம் உண்டு. பாளையக்காரர்கள் காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு சண்டை நடந்த பொட்டல் அது. ஊரில் யாரும் அங்கே ஏர் பூட்டுவதில்லை. நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கல் நிற்கிறது. குதிரைமேல் வாளோடு ஒரு ஆளைச் செதுக்கியிருக்கிறார்கள். சண்டையில் விழுந்த எங்கள் பாட்டன் அவர்.

ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை அந்தக் கல்லைக் கழுவி, மஞ்சள் பூசிப் பொங்கல் வைப்பது வீட்டுக்கு வந்த மருமகளின் வேலை. அந்த வீட்டில் பிறந்த பெண்கள் தொடக்கூடாது. ராஜபாளையத்தில் பஞ்சாலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்திலும் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவேன். என் மாமியார் ஈரத்துணியால் துடைத்ததோடு சரி. எனக்கு அது போதவில்லை. எண்ணெயும் மஞ்சளும் ஏறிப் பிசுக்குப் பிடித்துக் கிடந்த கல்லைச் செங்கல்பொடியும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்தேன். கழுவி முடித்தால் வெயிலில் பளபளவென்று நிற்கும். சுற்றுவட்டாரத்தில் எந்தச் சாமிக்கல்லும் அப்படி இருக்காது. அதில் எனக்குக் கர்வம் உண்டு. இல்லை என்று சொல்லமாட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. "என்னைக்காவது கவர்மெண்டு இங்க போர்டு வைக்கும். அதுல பாட்டன் பேரு இருக்கணும். நான் இல்லாட்டியும் நீ பாத்துக்கோ" என்பார். அவர் இறந்த பிறகுதான் அந்த நாள் வந்தது.

போன வருஷம் தொல்லியல் அதிகாரி ஒரு அம்மா வந்தார். அந்தப் பொட்டலைக் கெடாமல் காக்கவும், பார்க்க வருகிறவர்களுக்கு நடந்ததை விளக்கிச் சொல்லவும் திட்டம் போடுகிறோம் என்றார். புளியமரத்து நிழலில் வரைபடத்தை விரித்து, வேலி எங்கே, நடைபாதை எங்கே, பலகை எங்கே என்று ஊராரைக் கேட்டார்.

டீக்கடைக்காரர் முந்திக்கொண்டார். "மெயின் சண்டை எங் கடைக்கு முன்னாலதான் மேடம் நடந்துச்சு. பஸ் நிக்க அங்க இடம் விடுங்க."

"ஏலே, அம்புட்டு பேரும் உங் கடையில டீயைக் குடிச்சிட்டுத்தான் சண்டைக்குப் போனானாக்கும்?" என்றார் என் கொழுந்தன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

பிறகு அந்த அம்மா கல்லுக்கு வந்தார். கல்மேல் தாளை ஒட்டிக் கரியால் தேய்த்தார். குதிரையின் கால் வந்தது, வாள் வந்தது. அதற்குக் கீழே தாள் ஒரே சீராகக் கறுத்தது. கையால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"இங்க எழுத்து இருந்திருக்கணும். அதுக்காகத்தான் பட்டையா செதுக்கி விட்டிருக்காங்க. மழை வெயில்ல போயிருந்தா குதிரையும்ல போயிருக்கணும். இதை யாரு சுத்தம் பண்றது?"

கொழுந்தன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "எங்க மதினிதான் மேடம். அவிய கை பட்டா இரும்புகூட வெள்ளியாயிரும்."

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். என் கையைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"செங்கப்பொடி வச்சுத் தேய்ச்சேன் தாயி. பட்டையா இருக்கிற எடத்தை வருஷந் தவறாம அழுத்தி அழுத்தித் தேய்ச்சேன்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் சொன்னார். "எழுத்து இல்லாம பேரைப் போட முடியாதும்மா. பெயர் தெரியாத வீரன்னுதான் பலகையில வரும்."

"பேரு தெரியாதவரா? எங்க பாட்டன் பேரு இந்த ஊருக்கே தெரியுமே" என்று கொழுந்தன் எழுந்தார்.

"நீங்க எழுத்தைப் பாத்தீங்களா ஐயா?"

"நான் எங்க கிட்டப் போயிப் பாத்தேன். அண்ணன் சொல்லிக் கேள்விதான்."

"எழுத்தைப் பாத்தவங்க யாராவது சொன்னா, அதைப் பதிவு பண்ணிக்கிட்டு, 'என்று குடும்பத்தார் கூறுகின்றனர்'னு சேர்க்கலாம்."

நான் பார்த்திருக்கிறேன். கல்யாணமான முதல் ஆடியில் என் வீட்டுக்காரர் என்னைக் கல்லுக்கு முன்னால் உட்காரவைத்து, பிசுக்கை நகத்தால் வழித்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்துக் காட்டினார். நான்கு எழுத்து. "எனக்கும் இதே பேருதான் வச்சிருக்காக. ஆனா நீ சொல்லக்கூடாதே ஏட்டி" என்று சிரித்தார். புருஷன் பெயரைப் பெண்சாதி சொல்வது எங்களில் வழக்கமில்லை. ரேஷன் கடையிலும் ஓட்டுச்சாவடியிலும் பக்கத்தில் நிற்கிறவர்களைத்தான் சொல்லச் சொல்வேன். கடைசியில் ஆஸ்பத்திரியில் எழுதிக்கொள்ளக் கேட்டபோதும் கொழுந்தன்தான் சொன்னார்.

நான் பார்த்ததைச் சொன்னதும், அந்த அம்மா செல்போனை என் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"சொல்லுங்க மதினி" என்றார் கொழுந்தன். "அண்ணந்தான் இப்ப இல்லையே. இனி என்ன இருக்கு?"

"அவிய இல்லைன்னா எனக்குப் புருஷன் இல்லைன்னு ஆயிருமா? செத்த நேரம் சும்மா இருங்க" என்றேன்.

டீக்கடைக்காரர் உட்பட எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்லைப் பார்த்தேன். குதிரைக்குக் கீழே மொழுமொழுவென்று, என் வீட்டு அம்மியைப் போல இருந்தது. அந்தப் பெயரைச் சொன்னேன்.

"காத்துச் சத்தம் விழுந்திருச்சும்மா. இன்னொரு தடவை சொல்லுங்க, கொஞ்சம் சத்தமா."

இரண்டாம் தடவையும் சொன்னேன். கொழுந்தன் தோள்துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

பலகையில் வரப்போவதை அந்த அம்மா எழுதி வாசித்துக் காட்டினார். பெயர் இருந்தது. பக்கத்தில் 'என்று குடும்பத்தார் கூறுகின்றனர்' என்பதும் இருந்தது. கல்லில் வெட்டியிருந்தபோது அதற்கு யார் சாட்சியும் தேவைப்பட்டிருக்காது. இனிமேல் கல்லைக் கழுவக்கூடாது, எண்ணெயும் மஞ்சளும் கூடாது, பொங்கலை வேலிக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். சரி என்று தலையாட்டினேன். மறுத்துப் பேச எனக்கு என்ன வாய் இருக்கிறது?

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, ராஜபாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அந்தப் பெயர் வாயைவிட்டுப் போகவில்லை. யாருக்கும் கேட்காமல் ஒருதரம் சொல்லிப் பார்த்தேன். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஆள் இருந்த காலத்தில் நான் கூப்பிட்டதே இல்லை.