கதாநாயகியின் கடைசி வசனம்

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு, தொலைந்துபோன ஒரு பழைய நாடகத்தைத் திரட்ட வாசிகசாலையில் கூடியிருந்தவர்கள் நான்கு பேர். மாப்பிள்ளையின் கூட்டாளியாக நடித்த என் வாப்பா, மாப்பிள்ளையின் தகப்பனாக நடித்த பெரியநீலாவணை மீனவர், நாடகாசிரியரின் மகள், எழுதி எடுப்பதற்காக நான். மாப்பிள்ளையாக நடித்தவர் கொழும்பில் மகனோடு இருந்ததால் வரவில்லை. தன் வசனம் முழுவதையும் தொலைபேசியிலேயே சொல்லி முடித்துவிட்டார். கதாநாயகியும் வரவில்லை. கதாநாயகி, கல்முனைக் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஹாஜியார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவர். நெஞ்சுவரை வெள்ளைத் தாடி.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் பெண்கள் மேடையேறுவதில்லை. மீசை அடர்ந்து வராத, முகம் பளபளப்பான பொடியனாகப் பார்த்துப் பிடித்துப் பெண்வேடம் கட்டுவார்கள். ஹாஜியார் அப்படிப் பிடிபட்டவர்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவன் நான். அங்கே விரிவுரையாளர் இந்த நாடகாசிரியரைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் பேசினார். வானொலியில் அவருடைய நாடகங்கள் ஒலிபரப்பானதையும் கொழும்பு மேடைகளில் அவை ஏறியதையும் அவர் வாங்கிய பரிசுகளையும் சொன்னார். கையெழுத்துப் போடத் தெரியாத என் வாப்பா அவருடைய முதல் நாடகத்தில் நடித்தவர் என்பதை யாரிடமாவது சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சொன்னேன். "அந்தப் பிரதி கிடைக்குமா?" என்று விரிவுரையாளர் கேட்டார்.

பிரதி இல்லை. கடற்கரையோரம் இருந்த நாடகாசிரியரின் வீட்டு அலுமாரியில் எல்லாம் இருந்தன. சுனாமி வந்த காலையில் வீடும் அலுமாரியும் போயின. அவர் அதற்கு முன்பே மௌத்தாகி, அடக்கமும் ஆகியிருந்தார். கடைசியாக எழுதிய நாடகங்கள் அச்சில் இருந்ததால் தப்பின. அவருக்குப் பேர் வாங்கிக்கொடுத்த அந்த முதல் நாடகம் மட்டும் ஓர் ஏடும் மிஞ்சாமல் போயிற்று.

ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. நடிகன் எவனுக்கும் முழு நாடகத்தையும் கொடுக்கமாட்டார். அவனவன் பேச வேண்டியதை மட்டும், முன்னால் பேசுகிறவன் முடிக்கும் சொல்லோடு சேர்த்து, துண்டுத் தாளில் எழுதிக் கொடுப்பார். வாப்பாவுக்கு அதையும் வாயால் சொல்லித்தான் பாடமாக்க வைத்தாராம். ஏன் இப்படி என்று கேட்டால், "கத முழுக்கத் தெரிஞ்சா, மத்தவன் பகிடிய உடுறதுக்கு முந்தியே நீங்க சிரிச்சிப் போடுவீங்க" என்பாராம். ஆகவே நாடகம் கடலோடு போகவில்லை. துண்டு துண்டாகப் பல வாய்களில் கிடந்தது.

அந்த வாய்களை ஓரிடத்தில் சேர்க்க யுத்தம் முடிய வேண்டியிருந்தது. தமிழர் ஊரான பெரியநீலாவணை எங்கள் முஸ்லிம் ஊரிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரம்தான். என்றாலும் இடையில் சோதனைச் சாவடியும் சந்தேகமும் பல வருடங்கள் நின்றன. வீதி திறந்ததும் அந்த மீனவர் ஒரு பை பாரைமீனோடு எங்கள் வாசலில் வந்து நின்று, வாப்பாவைப் பார்த்து மாப்பிள்ளைத் தகப்பனின் குரலிலேயே அதட்டினார்: "எங்கடா பொண்ணின்ர தகப்பன்? வீடு எழுதித் தாறானாமா, இல்லையாமா?" வாப்பா யோசிக்கவேயில்லை. "வீடு இரிக்கி மாமா, கூரதான் இன்னும் வரல்ல!" இருவரும் கட்டிப்பிடித்துச் சிரித்தார்கள்.

நாடகம் சீதன வீட்டைப் பற்றியது. எங்கள் கரையில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளையின் தகப்பன் வீட்டுக்கு ஓர் அறை, ஒரு கிணறு, ஒரு மதில் என்று கூட்டிக்கொண்டே போவான். கடைசியில் எல்லோரும் மேடையைவிட்டுப் போன பின் மணப்பெண் தனியே நின்று ஏதோ சொல்வாள். திரை விழும்.

என்ன சொல்வாள்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் நாடகாசிரியரின் மகள் வந்திருந்தார். நாடகம் நடந்தபோது அவர் தொட்டில் பிள்ளை.

"அழுதுதான் கதைச்சா" என்றார் வாப்பா.

"எங்க அழுதது? ஏசினவள்!" என்றார் மீனவர்.

பிறகுதான் விளங்கியது, அந்த நேரம் இருவரும் மேடைக்குப் பின்னால் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் இட்டுக்கட்டாதீங்க" என்றார் மகள். "வாப்பா எழுதின சொல்லுத்தான் எனக்கி வேணும். அது இல்லாட்டி இந்த நாடகத்த அச்சடிக்கவே வாணாம்."

எல்லோருமாக ஹாஜியாரின் வீட்டுக்குப் போனோம்.

"மறந்து பெய்த்து" என்றார் அவர்.

"போன வருசத்துக் கம்பி விலை நினைவிருக்கு, இது மறந்து போச்சோ?" என்றார் மீனவர்.

"மச்சான், மூணு மருமகன்மார் இரிக்கானுகள். இந்தத் தாடிய வெச்சிக்கிட்டு நான் வெக்கப்பட்டுக் காட்டவா?"

மகளின் முகம் வாடியது. அப்போது திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. ஹாஜியாரின் மனைவி.

"அவருக்கு மறந்தா மறக்கட்டும். எனக்கி மறக்கல்ல. கலியாணம் முடிச்ச புதுசு. வீட்டுல பாடமாக்கக்குள்ள மாப்பிள்ளையும் நான், மாமனும் நான். அவர் பொண்ணு. முக்காடு போடப் பழக்கினதும் நான்தான்."

"பேசாம இரிங்க!" என்றார் ஹாஜியார்.

"அப்ப என்ட கலியாணச் சாரிக்கு ஒரு வழி செல்லுங்க. நாடகத்துக்கெண்டு கொண்டு போய் பெற்றோல்மெக்ஸ் லாம்புல ஓட்ட போட்டுத் தந்தாங்க. புதுச் சாரி ஒண்டு எடுத்துத் தாறெண்டா கடைசி வசனத்தச் செல்றன்."

"நான் எடுத்துத் தாறன் மாமி" என்றார் மகள், எழுந்து நின்றே.

திரைக்குப் பின்னால் தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம். "வீடு என்ட வீடு. கதவு தொறந்துதான் கிடக்கு. மாப்பிள்ள வாறெண்டா வரட்டும்..."

"நிப்பாட்டுங்க!" ஹாஜியார் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அதுல எங்க சிரிப்பு? வரட்டும் எண்டதும் ஒரு சிரிப்பு இரிக்கி!"

தோளில் கிடந்த சால்வையை எடுத்துத் தாடியும் மறையும்படி முக்காடிட்டார். தலையைச் சரித்தார். பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி எங்கள் முன் நின்றாள்.

"மாப்பிள்ள வாறெண்டா வரட்டும். வாசல்ல செருப்பக் கழட்டுறதுக்கு முந்தி, அவர்ர வாப்பா தந்து உட்ட சாமான் பட்டியலக் கழட்டி வெச்சிப்போட்டு வரட்டும். வெறுங்கையோட வந்தா, சோறு நான் ஆக்குவன்."

நான் எழுதுவதை மறந்துபோனேன். மகள் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

"வாப்பாட வேலையப் பாருங்களன்! எங்கட உம்மாட சீதன வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டா இத எழுதினாரு?"

"அதான் உங்கட உம்மாக்கிட்ட வாசிச்சுக் காட்டாம நேரா மேடைக்குக் கொண்டு வந்தவர்!" என்றார் மீனவர்.

வசனத்தை இன்னும் இருமுறை சொல்ல வைத்து எழுதிக்கொண்டேன். அடுத்த வாரம் மகளும் மாமியும் மருதமுனைக்குப் போய், நெசவுக்காரரிடமே நேரில் பேரம் பேசி, மயில்நீலத்தில் ஒரு கைத்தறிச் சாரி எடுத்தார்கள். நாடகத்தின் கடைசி வசனத்துக்கு, சட்டைத் துணியும் ஓட்டோக் கூலியும் சேர்த்து, மூவாயிரத்து நூற்றைம்பது ரூபாய் போனது.