நல்லாருக்கேங்க

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் கொளஞ்சியப்பனுக்கு வேலை கத்துவது. தனியார் பஸ்காரர்களுக்கு ஆள் ஏற்றிவிடுவார். மைக் கிடையாது, விசில் கிடையாது, தொண்டை மட்டும்தான். "தியாகதுருகம், தியாகதுருகம், உக்காந்துகினே போலாம் வாங்க" என்று அவர் குரல் கொடுத்தால், பாதி டீயை வைத்துவிட்டு ஓடிவருவார்கள். ஏறிப் பார்த்தால் உட்கார இடம் இருக்காது. திட்டுகிறவர்களிடம், "அடுத்த ஸ்டாப்புல பாதி எறங்கிடும்க்கா, கோச்சிக்காத" என்பார்.

நான் கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். அரசாங்க வண்டி. எனக்கு வரவேண்டிய கூட்டத்தையும் அவர் அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்து எனக்கு வயிறு எரியும். ஆனாலும் டீ சேர்ந்துதான் குடிப்போம். "இன்னா தம்பி, வண்டி காலியா போவுதா? ரெண்டு பேர கடன் தரட்டா?" என்று காலை வாருவார். அந்த மனிதரிடம் ரொம்ப நேரம் கோபமாக இருக்க முடியாது.

ரிஷிவந்தியம் பக்கம் ஒரு கூலிக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். கரும்பு வெட்டப் போன இடத்தில், இவன் வெட்டுவதைவிடப் பேசுவதுதான் ஜாஸ்தி என்று மேஸ்திரி துரத்திவிட்டாராம். பேச்சால் போன பிழைப்பு பேச்சாலேயே திரும்ப வந்தது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். மனைவி பெரியநாயகி அண்ணியை "ஏ நாயகி!" என்று கூப்பிட்டால் கடைத்தெருவே திரும்பிப் பார்க்கும். அண்ணிக்கு வெட்கமாகப் போய்விடும்.

யார் நலம் விசாரித்தாலும் அவரிடம் ஒரே பதில். "நல்லாருக்கேங்க." காய்ச்சலில் நடுங்கும்போதும் அதுதான். மகளுக்குப் பேசி முடித்த கல்யாணம் நின்றுபோன வாரத்திலும் அதுதான். எங்கள் பக்கத்தில் எல்லாருமே அப்படித்தான். கேட்டவரை எதற்குச் சங்கடப்படுத்த வேண்டும் என்று ஒரு மரியாதை.

போன தை மாதம் ஒரு காலை, "தியாக... தியாக..." என்று சொல்லி அதற்கு மேல் வராமல் நின்றார். வேடிக்கை காட்டுகிறார் என்று சனங்கள் சிரித்தார்கள். பிறகு வாய் கோணியது, வலது கை தொங்கிப்போனது. ஆட்டோவில் தூக்கிப் போட்டோம். எங்கே போவது என்று யோசிக்கவே இல்லை. நிலையத்துக்கு எதிரிலேயே அந்தப் பெரிய விளம்பர போர்டு இருந்தது. பக்கவாத சிகிச்சைக்குத் தரச்சான்று பெற்ற மருத்துவமனை என்று எழுதி, பக்கத்தில் தங்க நிறத்தில் ஒரு முத்திரையும் போட்டிருப்பார்கள். அந்த முத்திரையை நம்பித்தான் போனோம்.

பொய் சொல்லக் கூடாது. போன உடனே ஸ்கேன் எடுத்து ஊசி போட்டார்கள். உயிர் பிழைத்தார். காலை இழுத்து இழுத்து நடக்கவும் செய்தார். பேச்சுதான் வரவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "கொஞ்ச நாள் கழிச்சு போன் பண்ணி விசாரிப்போம். அப்பவும் பேச்சு வரலன்னா இங்கயே பயிற்சி குடுப்போம்." அண்ணி அந்தப் பயிற்சியைத்தான் நம்பியிருந்தார்.

சித்திரை பிறப்பதற்குள் ஒன்று வந்தது. ஒன்றே ஒன்று. "நல்லாருக்கேங்க." பேச்சு வந்துவிட்டது என்று அண்ணி அழுதே விட்டார். சோறு போடட்டுமா என்று கேட்டார். "நல்லாருக்கேங்க." தாகம் எடுத்தாலும் அதே, முதுகு வலித்தாலும் அதே, ஆத்திரத்தில் தட்டை விசிறி அடிக்கும்போதும் அதே. மற்றதெல்லாம் அழிந்துபோய், நாக்குக்குப் பழகின அது மட்டும் மிச்சம். கட்டின பெண்டாட்டிக்கே 'ங்க' போடுகிறாரே என்று நான் சிரிப்பு மூட்டப் பார்த்தேன். அண்ணி சிரிக்கவில்லை.

"ஏ நாயகின்னு ஒருவாட்டி கத்தட்டும் தம்பி. அது போதும் எனக்கு."

மருத்துவமனை போன் வந்தபோது அண்ணி தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போயிருந்தார். அண்ணன் இடது கையால் எடுத்துப் பேசியிருக்கிறார். அது தெரியாமல் போனுக்காகப் பல நாள் காத்திருந்து பார்த்துவிட்டு, அண்ணி என்னையும் கூட்டிக்கொண்டு நேரில் போனார். அங்கே இருந்த பெண் சிரித்த முகமாகச் சொன்னாள்:

"ஐயாவேதான் எங்கிட்ட பேசினாரும்மா. எப்படி இருக்கீங்கன்னேன், நல்லாருக்கேங்கன்னாரு. நடக்கறீங்களான்னேன், பேச்சு சரியாயிடுச்சான்னேன், எல்லாத்துக்கும் நல்லாருக்கேங்கன்னாரு. முழுசா குணமானவங்கள்ல அவரைச் சேத்துட்டோம்."

"அவருக்கு அது ஒண்ணுதாம்மா வருது!"

அவளுக்குப் புரியவில்லை. "ஞாயித்துக்கிழமை விழா இருக்கும்மா. எங்க தரச்சான்ற புதுப்பிச்சிருக்காங்க. குணமானவங்கள மேடையில ஏத்தறோம். ஐயாவ கூட்டியாங்க, பெரிய டாக்டர்கிட்டயே பயிற்சிய கேட்டுக்கலாம்."

எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது? தரச்சான்று கொடுக்கிறவர்கள் ஊசி போட்ட வேகத்தைப் பார்த்திருப்பார்கள், போனில் வந்த பதிலைப் பார்த்திருப்பார்கள், முத்திரை குத்தியிருப்பார்கள். அண்ணியின் வீட்டுக்குள் வந்து ஒரு பொழுது உட்கார்ந்து பார்த்தவர் எவரும் இல்லை.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அண்ணனுக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டிருந்தார் அண்ணி. மேடையில் ஏற்றி, அவர் இடது கையில் மைக்கைக் கொடுத்தார்கள். ஆயுசு முழுக்க வெறும் தொண்டையில் கத்தினவருக்கு முதல்முறையாக மைக்.

"எப்படி இருக்கீங்க ஐயா?" என்றார் பெரிய டாக்டர்.

"நல்லாருக்கேங்க."

மண்டபமே கை தட்டியது. அண்ணன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நல்லாருக்கேங்க, நல்லாருக்கேங்க" என்று குரல் ஏறிக்கொண்டே போனது, பஸ் கிளம்பும்போது கத்துவாரே அப்படி. கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"ஆனந்தக் கண்ணீர்" என்றார் டாக்டர்.

அண்ணி விறுவிறுவென்று மேடை ஏறினார். டாக்டரைப் பார்க்கவில்லை. நேராகப் புருசன் முன்னால் போய் நின்றார்.

"எம் பேரு இன்னா மாமா? எம் பேரச் சொல்லு."

முன்வரிசையில் சத்தம் அடங்கிவிட்டது. டாக்டரின் முகம் மாறியது. அண்ணன் அண்ணியையே பார்த்தார். உதடு துடித்தது. கழுத்து நரம்பு புடைத்தது. வரப்போகிறது என்றே நானும் நினைத்தேன்.

"நல்லாருக்கேங்க."

மைக் அண்ணன் கையில் இருந்தது. அண்ணி கேட்டது பின்வரிசைக்கு எட்டவில்லை, அண்ணன் சொன்னது மட்டும்தான் எட்டியது. அவர்கள் கை தட்டினார்கள்.