அத்தானின் பந்து வளைந்த பக்கம்

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் எங்கள் வீடு இருந்தது. அதன் மொட்டைமாடியில் இரண்டு இரும்புக் கம்பங்களுக்கு நடுவே ஒரு பழைய மீன்வலை தொங்கியது. கடற்கரையில் வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் அத்தான் சிங்களத்தில் பேசி வாங்கி வந்தது அது. எவ்வளவு கழுவியும் அதன் மீன்மணம் போகவில்லை. காலையில் நான் துணி காயப்போட மேலே போனால், அத்தான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் கோல்ஃப் மட்டையுடன் அந்த வலைக்கு முன்னால் நிற்பார். மட்டை காற்றைக் கிழிக்கும் சத்தமும், பந்து வலைக்குள் புதைந்து பொத்தென்று விழும் சத்தமும் கேட்டபடிதான் அந்த வீட்டில் எங்கள் நாள் தொடங்கும்.

அத்தான் என் அக்காவின் கணவர். கொள்ளுப்பிட்டியில் ஒரு பெரிய கம்பனியில் கணக்காளர். நான் கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டு அவர்களோடு தங்கியிருந்தேன். நாற்பதை நெருங்கும் வயதில்தான் அத்தான் கோல்ஃப் பழகத் தொடங்கினார். அது ஆசையால் வந்ததல்ல. கம்பனியின் முடிவுகள் சனிக்கிழமை காலையில் மைதானத்தில் எடுக்கப்படுகின்றன, திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவற்றை வாசிக்க மட்டுமே செய்கிறார்கள் என்பதை அவர் கண்டுகொண்டிருந்தார். ஜெனரல் மனேஜர் ஒருநாள் லிஃப்டுக்குள் வைத்து, "நீங்களும் வரலாமே" என்று சும்மா சொன்னதை அத்தான் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை.

"எனக்குப் பின்னாலை வந்த பெடியளெல்லாம் மேலை போட்டாங்கள், பிள்ளை. நான் இன்னும் அதே மேசையிலைதான் இருக்கிறன்" என்று என்னிடம் சொன்னார். என்னை அவர் எப்போதும் பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்.

தொடக்கத்தில் அவருடைய பந்து நேராகப் போகவேயில்லை. மட்டை வெளிப்பக்கத்திலிருந்து குறுக்கே வெட்டிக்கொண்டு வரும். பந்து எழும்பி, பெரிய வளைவாக வலப்பக்கம் திரும்பி, மரங்களுக்குள் போய்விடும். அதற்கு ஸ்லைஸ் என்று பெயர். மைதானத்தில் இருந்தவர்கள் அவர் அடிப்பதற்கு முன்பே வலப்பக்கக் காட்டைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்களாம். மொட்டைமாடியிலும் அப்படித்தான். வலையின் வலது ஓரத்தைத் தாண்டிப் பந்து பக்கத்து வீட்டுக் கொய்யாமரத்துக்குள் போய் விழும். அந்த வீட்டில் வேலையிலிருந்து இளைப்பாறிய சிங்கள ஆசிரியை ஒருவர் தனியாக இருந்தார். நாங்கள் அவரை ரீச்சர் என்போம். "மாத்தயோ, மென்ன போலே!" என்று, ஐயா இந்தாங்கோ பந்து என்று, கத்திக்கொண்டு மதிலுக்கு மேலால் பந்தை எறிவார். அவர் எறிவதுதான் நேராக வந்து விழுகிறது என்று அக்கா சிரிப்பாள்.

அத்தான் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பால்மா அட்டைப்பெட்டி ஒன்றைப் பந்துக்கு வெளிப்பக்கமாக, சற்றுப் பின்னால் வைப்பார். மட்டை பழைய பாதையில் குறுக்கே வந்தால் பெட்டி பறக்கும். உடம்புக்குக் கிட்டவாக உள்ளிருந்து வந்தால் பெட்டி அசையாது. பந்தில் பட்ட பிறகு இரண்டு கைகளும் ஒன்றன்மேல் ஒன்று புரளவேண்டும், கதவுக் கைப்பிடியைத் திருப்புவது போல. முழு வீச்சை விட்டுவிட்டு இடுப்புயரத்துக்கு மட்டும் வீசிப் பழகினார். எத்தனையோ பெட்டிகள் கிழிந்துபோயின. ஒரு மழைக்காலம் போய் இன்னொன்று வந்த சமயத்தில் பெட்டி அசையாமல் நிற்கத் தொடங்கியது. மைதானத்தில் அவருடைய பந்து வலப்பக்கமாகப் புறப்பட்டு, மெல்ல இடப்பக்கம் வளைந்து, புல்வெளியின் நடுவில் வந்து இறங்கியது. ஒவ்வொரு முறையும் அப்படியே. ஜெனரல் மனேஜர் புதியவர்களைக் கூட்டிவந்து அத்தானுக்குப் பின்னால் நிறுத்தி, "இவர் வீச்சைப் பாருங்கள்" என்று சொன்னாராம். அதைச் சொன்ன அன்று அத்தான் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். அடுத்த தை மாதம் பதவி உயர்வும் கிடைத்தது.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நகரத்தில் எங்காவது குண்டு வெடிக்கும். அடுத்த நாள் சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. யாழ்ப்பாணத்தில் பிறந்ததாக அடையாள அட்டையில் இருந்தால் கூடுதல் நேரம் நிற்கவேண்டும். எங்களுக்கு அது பழகிவிட்டிருந்தது. அத்தானின் கோல்ஃப் பையைக் கண்டால் பொலிஸ்காரர்கள் மரியாதையாகக்கூட நடந்துகொள்வார்கள். அது பெரிய மனிதர்களின் விளையாட்டு.

அந்தச் சனிக்கிழமை காலை நானும் அத்தானுடன் அதே ஆட்டோவில் போனேன். கிருலப்பனையில் ஒரு பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க என்னை இறக்கிவிட்டு, அவர் மைதானத்துக்குப் போவதாக இருந்தார். பாமன்கடையில் மறித்தார்கள். முதல்நாள் எங்கோ வெடித்திருந்தது. இளம் பொலிஸ்காரன் ஒருவன் நீளமான பையைத் தொட்டுப் பார்த்து, "மே மொனவத?" என்று, இதெல்லாம் என்ன என்று கேட்டான். அத்தான் சிங்களத்தில் அமைதியாகச் சொன்னார். பையைக் கவிழ்த்தார்கள். மட்டைகள் தார் ரோட்டில் சிதறின. அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு, "பஹின்ன" என்றான். அத்தான் இறங்கினார். அவருடைய வெள்ளைத் தொப்பி ஆட்டோவுக்குள்ளேயே இருந்துவிட்டது.

"பிள்ளை, நீ வீட்டை போ. அக்காவைப் பதறவிடாதை. ஜீ.எம்.முக்குச் சொல்லச் சொல்லு, அவர் ஒரு ஃபோன் எடுத்தால் போதும்" என்றார். குரலில் நடுக்கமே இல்லை. அவர் அதை முழுதாக நம்பினார். இன்றுவரை என்னால் மறக்கமுடியாதது அந்த நம்பிக்கைதான்.

மட்டைகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு அதே ஆட்டோவில் வீடு திரும்பினேன். ஜெனரல் மனேஜர் வீட்டில் இல்லை. அக்காவும் நானும் மைதானத்துக்கே போனோம். உறுப்பினர்கள் அல்லாதவர்கள் முன்வாசலுக்கு அப்பால் போகமுடியாது. காவலாளி உள்ளே சொல்லியனுப்பினார். ஐயா ஆடிக்கொண்டிருக்கிறார், முடிந்ததும் வருவார் என்று பதில் வந்தது. வெயில் ஏறிக்கொண்டே போனது. அக்கா ஒரு செவ்வரத்தம் செடிக்குப் பக்கத்தில் நின்றாள். காவலாளி நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லை. வெகுநேரம் கழித்து ஜெனரல் மனேஜர் துவாயால் கழுத்தைத் துடைத்தபடி வந்தார். முழுவதையும் கேட்டார். "இந்தக் காலத்தில் இதெல்லாம் அதன்பாட்டில் சரியாகவேண்டும். சத்தம் போட்டால் அவருக்குத்தான் கூடாது. பார்ப்போம்" என்றார். அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் பார்க்கவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை. கம்பனியிலிருந்து ஒருவரும் எங்கள் படலையைத் திறக்கவில்லை.

வந்தது ரீச்சர். கேட்காமலே வந்தார். நாங்கள் பொலிஸ் நிலையத்துக்குப் போன ஒவ்வொரு நாளும் வெள்ளைச் சேலை கட்டி, குடையை ஊன்றிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார். "மே அபே அல்லப்பு கெதர மாத்தயா" என்று, பக்கத்து வீட்டுக்காரர் என்று, மேசைக்கு மேசை சொன்னார். ஒரு அதிகாரி எரிந்து விழுந்தபோது, அவனுடைய பாடசாலை எது, அங்கே பெரியவர்களோடு கதைக்க யாரும் சொல்லித்தரவில்லையா என்று கேட்டார். அவர் வந்ததால்தான் அத்தான் எங்கே இருக்கிறார் என்பதாவது தெரிந்தது. பல வாரங்கள் கழித்து ஒரு மத்தியானம் அவரை விட்டார்கள்.

அத்தான் மெலிந்திருந்தார். இடது மணிக்கட்டு வீங்கி, உடைந்த இடம் கோணலாகப் பொருந்தியிருந்தது. "விழுந்திட்டன்" என்றார். அக்கா மேலும் கேட்டபோது, "விழுந்திட்டன் எண்டு சொல்லிப்போட்டனே" என்று எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அதைக் கேட்கவில்லை.

வேலை போகவில்லை. ஆனால் முக்கியமான கோப்புகள் வேறொருவர் மேசைக்குப் போயிருந்தன. அத்தான் வந்ததும் பேச்சு நிற்கும், ஏதோ சளி காய்ச்சலில் கிடந்து வந்தவரைப் போல நலம் விசாரிப்பார்கள். சில மாதங்களில் அத்தான் மறுபடியும் மொட்டைமாடிக்கு ஏறினார். இடது மணிக்கட்டு புரள மறுத்தது. கை புரளாவிட்டால் மட்டையின் முகம் திறந்தபடியே இருக்கும். பந்து வலப்பக்கம்தான் போகும். கொய்யாமரத்தில் பந்து விழத் தொடங்கியது. ரீச்சர் இப்போது கத்தவில்லை. பந்துகளைப் பொறுக்கி மதிலின் மேல் வரிசையாக வைத்துவிட்டுப் போனார்.

"விடுங்கோவன் இந்தச் சனியனை" என்று அக்கா அழுதாள். "ஆருக்காக இப்ப அடிக்கிறியள்?"

"இது நான் பழகினது. அவங்கள் தந்ததில்லை" என்றார் அத்தான். வலியில் அவருடைய மேலுதடு வியர்த்திருந்தது.

பாமன்கடையில் கால்வாய் ஓரமாக ரீச்சரின் தம்பிக்கு நீளமான வெறும் வளவு ஒன்று இருந்தது. மட்டைகளைத் தூக்கிக்கொண்டு சாவடிகளைக் கடக்கத் தேவையில்லாமல் அங்கேயே வைத்துவிட ரீச்சர் ஒழுங்கு செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தான் அடிப்பார்; நான் தூரத்தில் நின்று பந்து விழும் இடத்தைச் சொல்வேன். நான் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: வலப்பக்கம். ஒருநாள் பந்துகளைப் பொறுக்கக் குனிந்தபோது, எல்லாம் ஒரு பாய் விரிக்கும் இடத்துக்குள்ளேயே கிடப்பதைக் கண்டேன். கூப்பிட்டுச் சொன்னேன். அத்தான் நடந்து வந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரே அளவாத்தான் வளையுது, என்ன?"

"ஓம், அத்தான்."

திரும்பிப் போய், கால்களையும் தோளையும் நன்றாக இடப்பக்கம் பார்க்க வைத்துக்கொண்டு அடித்தார். பந்து கால்வாய்ப் பக்கமாகப் புறப்பட்டு, மேலே ஒரு கணம் தயங்கி, வலப்பக்கம் வளைந்து, வளவின் நடுவில் விழுந்தது. அதன்பிறகு கையைப் புரட்ட அவர் முயலவில்லை. தூரம் குறைந்துவிட்டது. ஆனால் பந்து எங்கே போகும் என்று மறுபடியும் அவருக்குத் தெரிந்தது.

கம்பனியின் வருடாந்த ஆட்டத்துக்குக் குடும்பங்களையும் அழைப்பார்கள். அக்கா வரமாட்டேன் என்று முதலில் மறுத்தாள். பிறகு நீலச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். முதல் அடிக்கு அத்தான் இடப்பக்க மரங்களைப் பார்த்து நின்றபோது பின்னால் யாரோ சிரித்தார்கள். "திசை மாறி நிற்கிறீர்கள், நண்பரே" என்றார் ஜெனரல் மனேஜர் ஆங்கிலத்தில். அத்தான் திரும்பவில்லை. பந்து மரங்களை நோக்கிப் போய், வளைந்து, புல்வெளியின் நடுவுக்கு வந்தது. சிரிப்பு நின்றது. எல்லாக் குழிகளிலும் அதே வளைவு.

ஆட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது ஜெனரல் மனேஜர் அத்தானின் தோளில் கைபோட்டார். "நன்றாக ஆடினீர்கள். ஆனால் அந்தப் பழைய அழகான வீச்சு எங்கே போனது?"

அத்தான் சட்டைக் கையை மேலே இழுத்து மணிக்கட்டைக் காட்டினார்.

"ஐயோ, எப்படி? எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே."

"என் மனைவி வந்து சொன்னாள்" என்றார் அத்தான், அதே ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையாக. "நீங்கள் கடைசிக் குழியை முடிக்கும்வரை வாசலில் நின்றாள்."

தோளில் இருந்த கை மெல்ல இறங்கியது. அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா பார்வையை விலக்கவில்லை. யாரோ கூப்பிட்டது போல அவர் நகர்ந்து போனார். வீடு திரும்பும்போது அக்கா ஆட்டோவுக்குள் அத்தானின் வலது கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த சனிக்கிழமைக்கு அழைப்பு வரவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் அத்தான் விலகி, கொட்டாஞ்சேனையில் ஒரு முதலாளியின் அரிசி வியாபாரத்துக்குக் கணக்குப் பார்க்கப் போனார். மரியாதையாக நடத்தினார்கள், நல்ல மனிதர்கள். மட்டைகள் ரீச்சரின் தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டன.

பல வருடங்களுக்குப் பிறகு, அத்தானுக்குத் தலை முழுவதும் நரைத்திருந்த ஒரு சனிக்கிழமை காலையில், நாங்கள் இருவரும் பல்கனியில் இருந்தோம். அன்று அவர் ஜெனரல் மனேஜரிடம் சொன்னதை நான் பெருமையாக எடுத்துச் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அதைப் பெருமையாகத்தான் சொல்வோம். அத்தான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் அண்டைக்கு இங்கிலிசிலை 'சொறி' எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால், நான் அடுத்த சனியும் போயிருப்பன், பிள்ளை" என்றார். "திங்கள், செவ்வாய் எல்லாம் அவர் கூப்பிடுவாரெண்டு பாத்துக்கொண்டுதான் இருந்தனான். உன்ரை அக்காவுக்குச் சொல்லாதை."

நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா தேநீரோடு எங்களுக்குப் பின்னால் வந்து நின்றதை அவர் காணவில்லை. அவள் குனிந்து, கோப்பையை அவருடைய வலது கைப்பக்கம் வைத்துவிட்டு உள்ளே போனாள்.