கயிற்றை யாரும் விடவில்லை

தாம்பரத்தைத் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கல்லூரியில் வணிகவியல் ஆசிரியையாகச் சேர்ந்தேன். அந்த வருடம் வரைக்கும் அங்கே விளையாட்டு விழாவில் பெண்களுக்கென்று இருந்தவை லெமன் அண்ட் ஸ்பூன், மியூசிக்கல் சேர், கோலம். கோலம் எப்படி விளையாட்டாகும் என்று ஸ்டாஃப் ரூமில் ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“குனிஞ்சு நிமிர்றோமில்ல?” என்றார் எங்கள் துறைத் தலைவி. கேலியாகச் சொல்லவில்லை. கோலத்தில் வருடா வருடம் முதல் பரிசு அவருக்குத்தான்.

அந்த வருடம்தான் புதிதாக ஒரு பி.டி. மேடம் வந்திருந்தார். சின்ன வயது. கழுத்தில் விசில் இல்லாமல் நான் அவரைப் பார்த்ததே இல்லை. பிரின்சிபால் அவரைக் கூப்பிட்டு, “லேடீஸுக்கு ஏதாவது லைட்டா வைங்கம்மா. ரெக்ரியேஷன் மாதிரி” என்றாராம்.

“கயிறு இழுக்கறது வைக்கலாம் சார்.”

“அது லைட்டா?”

“ஓட வேண்டாம் சார். நின்ன இடத்துலயே நிக்கலாம்.”

பிரின்சிபாலுக்கு அது பிடித்துப்போனது. ஆசிரியைகள் எட்டுப் பேர் ஒரு பக்கம், கடைசி வருட மாணவிகள் எட்டுப் பேர் எதிர்ப்பக்கம் என்று முடிவானது. ஆளிலேயே ஒல்லி நான்தான் என்பதால் என்னை எல்லோருக்கும் முன்னால் நிறுத்தினார்கள். “நீ சும்மா பிடிச்சுக்கிட்டா போதும்மா, இழுக்கறதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்” என்று சொல்லிவிட்டுத் துறைத் தலைவி வரிசையின் கடைசிக்குப் போனார்.

விழா அன்று காலையில் ஸ்டோர் ரூமைத் திறந்தால், கல்லூரிக் கயிற்றைப் பெருச்சாளி தின்றிருந்தது. மிச்சம் இருந்ததை வைத்து ஓர் ஆட்டுக்குட்டியைக் கட்டலாம், அவ்வளவுதான். பி.டி. மேடம் நேராகச் சாமியானா போட்டுக்கொண்டிருந்த பந்தல்காரரிடம் போனார். அவரிடம் நல்ல தடிமனான கயிறு ஒன்று உபரியாக இருந்தது.

“குட்த்தேன்னா சாயந்தரம் கரீட்டா திருப்பிக் குட்த்துரணும் மேடம்” என்றார் பந்தல்காரர். “பொத்தேரில ஒரு சீமந்தம் கீது. அங்க பந்தல் போடணும்.”

மூன்றரை மணி வாக்கில் செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றோம். கயிற்றின் நடுவில் ஒரு சிவப்புக் கர்ச்சீப் கட்டியிருந்தது. எனக்கு நேர் எதிரே நின்றவள் என் வகுப்பு மாணவி. பொழிச்சலூரிலிருந்து தினம் பஸ்ஸில் வருபவள். வகுப்பில் வாயே திறக்க மாட்டாள்.

விசில் ஊதியது. இழுத்தோம்.

கர்ச்சீப் ஒரு சாண் எங்கள் பக்கம் வந்தது. பிறகு ஒரு சாண் அந்தப் பக்கம் போனது. பிறகு நடுவில் வந்து நின்றது. நின்றதுதான். முதலில் மைதானமே கத்திக்கொண்டிருந்தது. கத்திக் கத்தித் தொண்டை வற்றியதும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். அப்புறம் மோர் பாக்கெட் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு எழுந்து போய்விட்டார்கள்.

பிரின்சிபால் மேடையிலிருந்து இறங்கி வந்தார். “டிரான்னு சொல்லி முடிச்சுடுங்கம்மா.”

“இதுல டிரா கிடையாது சார்” என்றார் பி.டி. மேடம்.

“டைம் லிமிட்?”

“அதுவும் கிடையாது சார்.”

மைதானத்தின் மறுபக்கத்தில் ஆண்களின் நானூறு மீட்டர் ஓட்டம் நடந்து முடிந்தது. நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.

“மேம், கை வலிக்குதா?” என்று என் மாணவி கேட்டாள்.

“இல்லையே. உனக்கு?”

“இல்ல மேம்.”

இரண்டு பேரும் பொய் சொன்னோம். கொஞ்ச நேரம் கழித்து, “மேம், அசைன்மென்ட் நாளைக்கே குடுக்கணுமா?” என்றாள்.

“இப்ப கயித்தை விட்டுட்டீங்கன்னா அடுத்த வாரம் குடு.”

அவள் நிஜமாகவே யோசித்தாள். “பரவால்ல மேம். நாளைக்கே குடுத்துடறேன்.”

பின்னாலிருந்து துறைத் தலைவியின் கைப்பேசி அடித்தது. அவர் கையை எடுக்க முடியாததால் பி.டி. மேடம் ஓடிப்போய் கைப்பையிலிருந்து எடுத்து அவர் காதில் வைத்தார். “வர லேட்டாகும்... இல்ல, ஒரு சின்ன வேலையா நின்னுட்டிருக்கேன்... ரசம் மட்டும் வச்சுடுங்க. புளி மேல் தட்டுல இருக்கு... மூச்சு வாங்கலையே, நல்லாத்தான் இருக்கேன்.” பேசி முடிக்கும்வரை அவர் பிடி கொஞ்சமும் தளரவில்லை என்பது என் கைகளுக்குத் தெரிந்தது.

சிறப்பு விருந்தினருக்கு விமானத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. எங்களுக்காகக் காத்திருக்க முடியாமல் பரிசளிப்பைத் தொடங்கிவிட்டார்கள். கோப்பை கொடுக்கிற நடுவில் அவர் எங்களைக் காட்டிப் பிரின்சிபாலிடம் கேட்டது மைக்கில் விழுந்தது. “ரொம்ப நேரமா அசையாம நிக்கிறாங்களே. மைம் ஷோவா சார்?” பிரின்சிபால் ஆமாம் என்று தலையாட்டினார். விருந்தினர் எங்களைப் பார்த்துக் கை தட்டினார்.

அடுத்து நாட்டுப்பண். அதற்குக் கையைத் தொங்கவிட்டு நேராக நிற்க வேண்டும். கையைத் தொங்கவிட்டால் தோற்றுவிடுவோம். பதினாறு பேரும் என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு, யாரும் சொல்லாமலே, குதிகாலைச் சேர்த்து நிமிர்ந்து நின்றோம், கயிற்றைப் பிடித்தபடியே. பாட்டு முடியும்வரை யாரும் இழுக்கவில்லை. யாரும் விடவும் இல்லை. முடிந்த மறு நொடியே இரண்டு பக்கமும் சேர்ந்தாற்போல் இழுத்தது.

பந்தல்காரர் சாமியானாவைப் பிரிக்க ஆரம்பித்திருந்தார். எங்கள் தலைக்கு மேலிருந்த நிழலும் போனது. கடைசியில் எங்களிடம் வந்தார்.

“இன்னா மேடம் இது பேஜாரு? வண்டி நின்னுகினு கீது. கயிறக் குடுங்க.”

“அவங்கள விடச் சொல்லுங்கண்ணா” என்றாள் என் மாணவி.

“அவங்க விட்டா நாங்க விடறோம்” என்றேன் நான். சொன்ன பிறகுதான், இதைச் சொல்வது முதுகலைப் பட்டம் வாங்கிய ஒருத்தி என்று உறைத்தது.

“மூணு எண்றேன். ரெண்டு பேரும் ஒண்ணா வுட்ருங்க. ஒண்ணு... ரெண்டு... மூணு!”

பதினாறு பேரில் ஒருவர்கூட விடவில்லை. பந்தல்காரர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். “படிச்சவங்களே இப்டி இருந்தா இன்னா பண்றது” என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

நான் ஏன் விடவில்லை என்று இப்போதும் யோசிப்பதுண்டு. பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியட் என்றால் பெண்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ரெக்கார்ட் நோட்டு எழுதுவோம். மொத்த பலத்தையும் போடு என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. எனக்குள் அவ்வளவு பலம் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. உள்ளங்கை எரிந்தது, தோள் நடுங்கியது. ஆனாலும் கால் நகர மறுத்தது. அது ரொம்ப சந்தோஷமாக இருந்தது. எதிரே என் மாணவியின் முகமும் அப்படித்தான் இருந்தது.

பி.டி. மேடம்தான் வழி சொன்னார். “கயிறு வண்டிக்குப் போகணும், அவ்வளவுதானே? பிடிச்சபடியே நடங்க.”

நடந்தோம். விறைப்பாக இழுத்துப் பிடித்தபடி, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் அடி எடுத்து வைத்து, மைதானத்தைக் கடந்து, கேன்டீனைக் கடந்து கேட்டுக்குப் போனோம். டீ குடித்துக்கொண்டிருந்த பையன்கள் எழுந்து நின்று வழிவிட்டார்கள். வாட்ச்மேன் இரண்டு கதவையும் திறந்துவிட்டார்.

வாசலில் குட்டியானை வண்டி நின்றிருந்தது. பந்தல்காரர் கயிற்றின் நடுவைப் பிடித்து வண்டியின் பின்கொக்கியில் மாட்டினார். அப்படியே முன்னால் போய் வண்டியை எடுத்தார்.

எங்கள் எட்டுப் பேரும் அவர்கள் எட்டுப் பேரும் முதன்முறையாக ஒரே திசையில் போனோம். பத்தடி தள்ளாடி ஓடியிருப்போம். பிறகு கை தானாகத் திறந்துகொண்டது. யார் கை முதலில் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. துறைத் தலைவி மண்ணில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். வண்டி கயிற்றை இழுத்துக்கொண்டே ஜி.எஸ்.டி. ரோட்டில் திரும்பியது.

பி.டி. மேடம் நீளமாக விசில் ஊதி, “வண்டி ஜெயிச்சது” என்றார்.

மறுநாள் எங்களில் யாராலும் சாக்பீஸ் பிடிக்க முடியவில்லை. அந்தப் பெண்களால் பேனா பிடிக்க முடியவில்லை. அசைன்மென்ட்டும் வரவில்லை, நானும் கேட்கவில்லை. பிரின்சிபால் இனி பெண்களுக்குப் பழையபடி கோலமே போதும் என்றார். அதற்கு எதிராக அவர் அறைக்கு முதலில் போனது துறைத் தலைவிதான். உள்ளே என்ன பேசினார் என்று சொல்லவில்லை. வெளியே வந்து, “புதன்கிழமை நாலு மணிக்கு கிரவுண்டு நமக்கு. கயிறு புதுசு வாங்கறாங்க” என்றார்.

அந்தப் புதன்கிழமை நான் போனபோது அவர் புடவைக்குக் கீழே வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு எனக்கு முன்பே நின்றிருந்தார். மாணவிகளும் வந்திருந்தார்கள். பி.டி. மேடம் எல்லோரையும் கலந்து நிறுத்தி இரண்டு அணியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

பொழிச்சலூர்ப் பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். “மேம், இன்னைக்கு நாம ஒரே சைடு.”

“அப்ப அசைன்மென்ட்?”

“முதல்ல இழுங்க மேம்” என்றாள்.