ஆடி வெள்ளியும் ஹேமாவதியின் சந்தேகமும்

ஹேமாவதி சந்தேகப்படாத ஆளை மாடம்பாக்கத்தில் தேடினாலும் கிடைக்காது. தாம்பரம் மார்க்கெட்டில் தக்காளி வாங்கினால், தராசைத் தன் கண்ணுக்கு நேரே திருப்பி வைக்கச் சொல்வாள். கேஸ் சிலிண்டரை எடை போட்டுக் காட்டாமல் வாசல்படி ஏற விடமாட்டாள். மகள் தேவதர்ஷினிக்கு ஏழு வயதில் டைப் ஒன் சர்க்கரை என்று தெரிந்த பிறகு, அந்தப் புத்தி தெய்வம் கொடுத்த வரமாகவே அவளுக்குத் தோன்றியது. ஊசி, சாப்பாட்டு அளவு, விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் என்று மூன்று வருஷமாகப் பிள்ளையைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தாள். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் காத்தாள்.

பேஜார் ஆடி மாசத்தில் ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு நாத்தனார் காந்தா, வெள்ளிக்கிழமை அம்மனுக்கு மாவிளக்கு போட அரிசி மாவும் வெல்லமும் பிசைவாள். கூட உட்கார்ந்து பிசைவதென்றால் தேவதர்ஷினிக்கு உயிர். அங்கே போய் வந்த வெள்ளியெல்லாம் மெஷினில் சர்க்கரை எகிறியது. மற்ற நாளெல்லாம் ஒழுங்கு. "ஒரு உருண்டை துன்னா கொயந்தைக்கு இன்னா ஆயிடும்?" என்று காந்தா எப்போதோ ஒருமுறை கேட்டிருந்தாள். அது போதாதா ஹேமாவதிக்கு! இரண்டு வெள்ளி ஊசி மருந்தைக் கூட்டாமல், பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

மூன்றாவது வெள்ளி சாயங்காலம் குழந்தை வந்ததும், வழக்கம்போல ஸ்பிரிட் பஞ்சால் விரலைத் துடைத்துக் குத்திப் பார்த்தாள். முந்நூற்று எண்பது.

"எவ்ளோ தின்ன? உண்மையச் சொல்லு."

"சத்தியமா தின்னலம்மா. பிசைஞ்சேன், துணியில கையத் தொடச்சிக்கினு வந்துட்டேன்."

"பொய் வேற சொல்லக் கத்துக் குடுத்திருக்காங்களா?"

சர்க்கரையை இறக்க ஊசியில் மருந்தைக் கூட்டிப் போட்டாள். அதோடு விட்டாளா? மதிலோரம் நின்று, "என் பிள்ளையக் கொல்லப் பாக்கறீங்களா அண்ணி?" என்று தெருவே கேட்கக் கத்தினாள்.

காந்தாவுக்கு முகம் செத்துவிட்டது. "அம்மன் மேல ஆணையா ஒரு துளி குடுக்கல ஹேமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

முக்கால் மணி நேரம் புலம்பித் தீர்த்த பிறகு, தனக்கென்று காந்தா பிரசாதமாகக் கொடுத்தனுப்பியிருந்த மாவுருண்டையைக் குப்பையில் போட எடுத்தாள் ஹேமாவதி. ஆத்திரத்தில் அது கையிலேயே நொறுங்கியது. புடவையில் துடைத்துக்கொண்டாள். ஆனால் மனசு உறுத்தியது. அண்ணி சாமி பேரில் பொய்ச் சத்தியம் செய்கிறவள் இல்லையே? அப்படியானால் மெஷின்தான் பொய் சொல்கிறதோ? ஆடி வெள்ளி விரதம், காலையிலிருந்து அவள் வயிற்றில் பச்சைத்தண்ணீர்தான். தன் விரலையும் ஸ்பிரிட்டால் துடைத்துக் குத்தினாள். முந்நூற்று நாற்பது.

விரல் இன்னும் பிசுபிசுத்தது. சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து மறுபடி குத்தினாள். எண்பத்தெட்டு. விரலில் ஒட்டியிருந்த வெல்லத்தையும் ரத்தத்தோடு சேர்த்துக் கணக்குப் பண்ணியிருக்கிறது மெஷின். ஐயோ, குழந்தைக்குப் போட்ட ஊசி!

ஓடிப்போய்ப் பார்த்தால், தேவதர்ஷினி வியர்த்து, உதடு நடுங்கக் கட்டிலில் கிடந்தாள். கையைக் கழுவிப் பார்த்தபோது ஐம்பத்து நாலு, ஒரேயடியாக இறங்கிவிட்டது. ஹேமாவதி டம்ளரில் சர்க்கரையைக் கரைத்துக்கொண்டு வந்தாள்.

"குடிடா கண்ணு, சீக்கிரம்!"

"மாட்டேன். குடிச்சா, தின்னுட்டேன்னு சொல்லுவ."

"நீ தின்னவே இல்லடா. அம்மாதான் தப்பு பண்ணிட்டேன்."

"பொய். என்னை டெஸ்ட் பண்ற." தள்ளிவிட்டதில் பாதி டம்ளர் கொட்டியது. "அத்தையக் கூப்புடு. அத்தை சொன்னா குடிக்கிறேன்."

ஹேமாவதி மதிலுக்கு ஓடினாள். "அண்ணி! உங்க கால்ல விழறேன், ஓடி வாங்க!"

சாத்திய கதவைத் திறந்துகொண்டு காந்தா ஓடி வந்தாள். தலைமாட்டில் உட்கார்ந்து டம்ளரை வாங்கினாள். "குடி கண்ணு. அத்தை கீறேன் இல்ல." குழந்தை மடக்மடக்கென்று குடித்தது.

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. மறுபடி பார்த்துவிடலாம் என்று ஹேமாவதி மெஷினை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். தேவதர்ஷினி விரல்களை மடக்கி அத்தையின் மடிக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"நீ வேணாம்மா. அத்தை பாக்கட்டும்."